அனிமேஷன் தொடர் ரசிகர்களுக்கு டிஜிட்டல் சேகரிப்புப் பொருள்: முதல்முறை வாங்குபவருக்கான வழிகாட்டி

பிடித்த அனிமேஷன் தொடரின் பாத்திரம் என்எஃப்டியாகவோ (யாருடையது என்று பிளாக்செயின் பதிவேட்டில் பதிவாகும் டிஜிட்டல் பொருள்) டிஜிட்டல் பின்னாகவோ (சட்டையில் குத்தும் பேட்ஜின் டிஜிட்டல் வடிவம்) விற்பனைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் உடனே வாங்கிவிடத் தோன்றும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் கணக்குத் திறப்பதில் தொடங்கி வரி கட்டுவது வரை எங்கெல்லாம் சிக்கும் என்பதைத் தமிழில் ஒரே இடத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. நான் ஒவ்வொன்றாகத் தேடித்தான் கடந்து வந்தேன். கார்டு மறுக்கப்படும், பெயர் பொருந்தவில்லை என்று சரிபார்ப்பு திரும்பி வரும், வாங்கிய கிரிப்டோ நாணயத்தை வெளியே அனுப்ப முடியாது. நீங்கள் அந்த அலைச்சல் படவேண்டாம் என்பதற்காகத்தான் இது.

முதலீட்டு ஆலோசனை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. விலை ஏறும் என்று நினைத்து வாங்காதீர்கள். நாளைக்கு விலை பூஜ்யமானாலும் வைத்துக்கொள்வீர்களா என்று உங்களையே கேளுங்கள். ஆமாம் என்றால் மேலே படியுங்கள்.

1. பொருள் எங்கே இருக்கப்போகிறது என்று பாருங்கள்

இந்தச் சந்தையில் இரண்டு வகை. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, நிறுவனத்தின் செயலிக்குள்ளேயே வாங்கி, வைத்து, விற்பது. டாப்பர் லேப்ஸ் நடத்தும் டிஸ்னி பின்னக்கிள், நியூசிலாந்தில் தொடங்கிய வீவி போன்றவை இப்படித்தான் தொடங்கின. மின்னஞ்சல் கொடுத்துக் கணக்குத் திறக்கலாம், கார்டில் பணம் கட்டலாம், பொருளைக் கையாளத் தேவையான ரகசியச் சாவியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். புதியவர்களுக்கு எளிது. ஆனால் சாவி அவர்களிடம் இருக்கிறது, விதிகளும் அவர்களுடையவை.

இரண்டாவது வகை, எத்தீரியம், பாலிகான் போன்ற பொதுச் சங்கிலியில், அதாவது பொதுவான பிளாக்செயின் பதிவேட்டில், இருக்கும் டோக்கன். அதை உங்கள் சொந்த வாலெட்டில் (சாவியை வைத்திருக்கும் மென்பொருள்) வைத்துக்கொள்ளலாம், எந்தச் சந்தையில் வேண்டுமானாலும் விற்கலாம். சாவி உங்களிடம் இருப்பதால் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. தொலைத்தால் யாரிடமும் போய்க் கேட்க முடியாது.

ரிக்கர் என்ற நிறுவனம் 2021இல் 5 கோடி டாலர் முதலீடு திரட்டியது. அடுத்த ஆண்டு நிக்கலோடியனின் ரக்ராட்ஸ், ஹே ஆர்னால்ட் பாத்திரங்களை வைத்து என்எஃப்டிகளை வெளியிட்டது. பெரிய பெயர், முறையான உரிமம், ரசிகர்கள் நம்பி வாங்கினார்கள். 2023 ஆகஸ்டில் கடையை மூடுவதாக அறிவித்து, நவம்பரில் தளத்தை மூடிவிட்டார்கள். கிரிப்டோ நாணயம் வாங்கி விற்கும் எஃப்டிஎக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2022 நவம்பரில் திவாலானபோது இதைவிட மோசமாக நடந்தது. அங்கே உருவாக்கிய பல என்எஃப்டிகளின் படங்கள் அந்த நிறுவனத்தின் சர்வரில் இருந்ததால் டோக்கன் மட்டும் சங்கிலியில் நின்றது, படத்தைக் காணோம்.

அதனால் வாங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். பொருளை வெளி வாலெட்டுக்கு மாற்ற முடியுமா? படம் ஐபிஎஃப்எஸ் போன்ற, பல கணினிகளில் பரவிய சேமிப்பில் இருக்கிறதா, நிறுவனத்தின் சொந்த சர்வரில் இருக்கிறதா? தளம் மூடினால் என்ன ஆகும் என்று விதிமுறைகளில் எழுதியிருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பொருளுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுக்கு மேல் பணம் போடாதீர்கள்.

2. அசல்தானா என்று உறுதி செய்யுங்கள்

என்எஃப்டி விற்கும் ஓப்பன்சீ சந்தையே 2022 ஜனவரியில் ஒப்புக்கொண்டது இது: அவர்களுடைய இலவச உருவாக்கக் கருவியில் செய்யப்பட்டவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் திருட்டுப் படைப்பு, போலித் தொகுப்பு, குப்பை. அனிமேஷன் பாத்திரங்கள்தான் இந்தப் போலிக்காரர்களுக்குப் பிடித்த தீனி. படத்தைச் சேமித்துப் போட்டுவிட்டால் பார்க்க அசல் மாதிரியே இருக்கும்.

படத்தை வைத்து அசலைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஒப்பந்த முகவரியை, அதாவது அந்தத் தொகுப்புக்குச் சங்கிலியில் இருக்கும் முகவரியை, வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 0x என்று தொடங்கும் அந்த நீண்ட எழுத்து வரிசையை ஸ்டுடியோவின் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுங்கள், சந்தைப் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்துகளை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஓரங்கள் ஒத்துப்போகும்படி முகவரி தயாரிப்பது மோசடிக்காரர்களுக்குப் பெரிய வேலையில்லை. தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பை ஒருபோதும் தொடாதீர்கள்.

அதிகாரப்பூர்வக் கணக்கில் வந்த இணைப்பு என்பதற்காகவும் நம்பிவிட முடியாது. 2022 ஏப்ரலில் போர்ட் ஏப் என்ற குரங்குப் பட என்எஃப்டி தொகுப்பின் இன்ஸ்டாகிராம் கணக்கையே கைப்பற்றி, அதில் போலி இணைப்பைப் போட்டார்கள். அழுத்தியவர்களின் வாலெட்டிலிருந்து குரங்குகள் போயின. அதனால் இரண்டு இடங்களில் ஒரே இணைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, தளத்தில் ஒன்று, சமூகக் கணக்கில் ஒன்று. அவசரப்படுத்தும் திடீர் அறிவிப்பு எதுவாக இருந்தாலும் ஒரு மணி நேரம் பொறுங்கள். மோசடியாக இருந்தால் அதற்குள் பெரும்பாலும் யாராவது கத்தியிருப்பார்கள்.

3. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள்

இதை யாருமே சொல்லித் தருவதில்லை. தமிழர்களுக்கு இங்கேதான் அதிகம் சிக்குகிறது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கிரிப்டோ நாணயம் வாங்க இந்திய எக்ஸ்சேஞ்சில் கணக்குத் திறக்கப் பேன் கார்டு கட்டாயம். கூடவே ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் இவற்றில் ஒன்று, உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கு, செல்ஃபி. வங்கிக் கணக்கைச் சரிபார்க்க ஒரு ரூபாய் போட்டு, வங்கி காட்டும் பெயரோடு பேன் பெயரை ஒப்பிடுவார்கள்.

சிக்கல் நம் இனிஷியலில் இருக்கிறது. முருகன் என்பவரின் அப்பா சுப்பிரமணியன் என்று வைத்துக்கொள்வோம். பேன் கார்டில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்வதால் 'சுப்பிரமணியன் முருகன்' என்றோ 'முருகன் சுப்பிரமணியன்' என்றோ இருக்கும். ஆதாரில் 'முருகன் எஸ்'. வங்கிப் புத்தகத்தில் 'எஸ். முருகன்'. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கலாம். நமக்கு எல்லாம் ஒரே ஆள். ஆனால் பெயரை ஒப்பிடுவது இயந்திரம், அதற்கு இவர்கள் நான்கு பேர்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் வருமான வரித்துறைத் தளத்தில் நுழைந்து உங்கள் பேனில் பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். அட்டையை மட்டும் நம்பாதீர்கள். பேன் ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். இணையாமல் செயலிழந்த பேனாக இருந்தால் எந்த எக்ஸ்சேஞ்சும் ஏற்காது. காலக்கெடு தாண்டி இணைப்பவர்கள் பெரும்பாலும் ரூ.1,000 கட்ட வேண்டியிருக்கும், அது முடிந்து செயலுக்கு வரவும் நாள் பிடிக்கும். அடுத்து, வங்கியில் பெயரைப் பேனில் உள்ளபடி மாற்றிக்கொள்ளுங்கள். கிளைக்குப் போய் ஒரு விண்ணப்பமும் பேன் நகலும் கொடுத்தால் முடிகிற வேலை. விற்பனைத் தேதி தெரிந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது, குறைந்தது ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் செயலிகளில் ஆதார் பெரும்பாலும் எடுபடாது. பாஸ்போர்ட்தான் சிரமமில்லாமல் போகும். படிவத்தை நிரப்பும்போது பாஸ்போர்ட்டின் கீழே கோணக் குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே போடுங்கள். ஸ்கேன் செய்யும் மென்பொருள் அதைத்தான் படிக்கிறது. குடும்பப் பெயர் காலியாக இருந்தால் நீங்களாகவே அப்பா பெயரைப் போட்டுவிடாதீர்கள், உதவிப் பிரிவுக்கு எழுதி அவர்கள் சொல்வதைப் போட்டு, அந்தப் பதிலையும் சேமித்து வையுங்கள். நான் பயன்படுத்திய ஒரு செயலியில் கணக்குத் திறக்கும்போது ஒன்றுமே கேட்கவில்லை, பொருளை விற்றுப் பணத்தை எடுக்கப் போனபோதுதான் ஆவணம் கேட்டு, பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்திவைத்தார்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் ஒரே பிடிஎஃப்பாக அனுப்பி, கடைசிப் பக்கத்தில் இருக்கும் தந்தை பெயரைக் காட்டிய பிறகுதான் வழி திறந்தது. எடுக்கும்போது என்ன கேட்பார்கள் என்பதைப் போடும்போதே படித்துவிடுங்கள்.

வயது 18 ஆகாதவர்கள் தங்கள் பெயரில் திறக்க முடியாது. பிள்ளை ஆசைப்படுகிறது என்றால் பெற்றோர் பெயரில் திறந்து, பணத்தையும் பெற்றோரே கையாள வேண்டும். உள்ளே எது இருக்கிறது என்று தெரியாமல் வாங்கும் மூடிய பெட்டி விற்பனை இந்தச் செயலிகளில் அதிகம், 'இன்னும் ஒன்று மட்டும்' என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வரம்பு போட்டுவிடுங்கள்.

4. பணம் போகும் வழி

செயலிக்குள் வாங்குவதாக இருந்தால் கார்டு. உங்கள் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பாருங்கள். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி புதிய கார்டுகளில் இது மூடியேதான் வரும், நீங்களே திறந்து வரம்பும் வைக்கலாம். வாங்கி முடித்ததும் மறுபடி மூடிவிடுங்கள்.

செலவில் கண்ணுக்குத் தெரியாதது அந்நியச் செலாவணிக் கட்டணம். பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரூ.1,000 பொருளுக்கு ரூ.35 கட்டணம், அதற்கு ரூ.6.30 வரி, ஆக ரூ.41.30 கூடுதல். செயலிக் கடை வழியாகப் பணம் கட்டினால் சில இடங்களில் விலையே கூடுதலாக இருக்கும், அதே பொருளை நிறுவனத்தின் தளத்தில் உலாவி வழியாகப் பார்த்து ஒப்பிடுங்கள்.

பொதுச் சங்கிலி வழி என்றால் முதலில் நாணயம் வாங்க வேண்டும். எத்தீரியத்துக்கு ஈத்தர், பாலிகானுக்கு பிஓஎல். பழைய வழிகாட்டிகளில் மேட்டிக் என்று எழுதியிருப்பார்கள், 2024 செப்டம்பரில் அது பிஓஎல் ஆகிவிட்டது. இந்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் மட்டும் வாங்குங்கள், 2023 மார்ச் முதல் இவை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. எல்லா எக்ஸ்சேஞ்சும் நாணயத்தை வெளி வாலெட்டுக்கு அனுப்ப விடுவதில்லை. சிலவற்றில் வாங்கலாம், விற்கலாம், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டிய நாணயத்தை, வேண்டிய சங்கிலியில், வெளியே எடுக்க முடியுமா என்று பணம் போடுவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். அனுமதி இருந்தாலும் புதுக் கணக்குக்குக் காத்திருப்புக் காலம் இருக்கலாம். வெளியே அனுப்பும் கட்டணம் பெரும்பாலும் நிலையான தொகை, சதவீதக் கணக்கில்லை. ரூ.500 அனுப்பினாலும் ரூ.5,000 அனுப்பினாலும் ஒரே கட்டணம் என்றால் சிறு தொகையாகப் பலமுறை அனுப்புவது நஷ்டம்.

இலங்கையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மெய்நிகர் நாணயம் தொடர்பான கொடுப்பனவுகளுக்கு கிரெடிட் கார்டையோ டெபிட் கார்டையோ பயன்படுத்த மத்திய வங்கி அனுமதிப்பதில்லை. கார்டு வேலை செய்யவில்லை என்று வங்கியோடு மல்லுக்கட்டாதீர்கள், சுற்றுவழி சொல்லித்தரும் தரகர்களிடமும் மாட்டாதீர்கள்.

5. வாலெட் திறப்பது

மெட்டாமாஸ்க் போன்ற வாலெட்டுக்குக் கட்டணம் இல்லை, ஆவணமும் கேட்காது. நிறுவும்போது 12 ஆங்கிலச் சொற்கள் தருவார்கள், 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுத்தவை. இந்தப் பன்னிரண்டும் இதே வரிசையில் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். கடவுச்சொல் அந்தக் கருவியைத் திறக்க மட்டும்தான்.

தாளில் பேனாவால் எழுதுங்கள். 1 முதல் 12 வரை எண் போட்டு, ஒவ்வொரு சொல்லையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இரண்டு பிரதி எடுத்து இரண்டு வீடுகளில் வையுங்கள், உங்கள் வீட்டில் ஒன்று, நம்பிக்கையான உறவினர் வீட்டில் உறையில் ஒட்டி ஒன்று. ஸ்க்ரீன்ஷாட் எடுக்காதீர்கள், அது உங்களுக்குத் தெரியாமலேயே இணையச் சேமிப்புக்குப் போய்விடும். வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்வதும் வேண்டாம். அப்புறம் முக்கியமான ஒன்று, பணம் போடுவதற்கு முன்பே வாலெட்டை அழித்துவிட்டு அந்தத் தாளை மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள். அதே முகவரி வந்தால்தான் நீங்கள் எழுதியது சரி. இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது, பெரும்பாலோர் செய்வதில்லை.

உதவிப் பிரிவு என்று சொல்லி யார் வந்து இந்தச் சொற்களைக் கேட்டாலும் திருடர். இதற்கு விதிவிலக்கே கிடையாது.

இன்னொன்று, இரண்டு வாலெட் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாங்குவதற்கு, அதில் அன்றைக்கு வேண்டிய நாணயம் மட்டும் இருக்கட்டும். மற்றது வைப்பதற்கு, அதை எந்தத் தளத்தோடும் இணைக்காதீர்கள், அதற்கான சொற்களும் தனியாக இருக்க வேண்டும். வாங்கிய பொருளை இதற்கு அனுப்பிவிடுங்கள். நடிகர் சேத் கிரீனுக்கு 2022 மே மாதம் நடந்தது தெரிந்தால் ஏன் என்று புரியும். தான் தயாரித்துவந்த தொடரின் நாயகனாக வைத்திருந்த குரங்கு என்எஃப்டியை ஒரு போலித் தளம் வழியாகப் பறிகொடுத்தார். தொடரே கேள்விக்குறியாகி, அடுத்த மாதம் 165 ஈத்தர், ஏறத்தாழ 3 லட்சம் டாலர் கொடுத்துத் தன் பொருளைத் தானே திரும்ப வாங்கினார்.

6. வாங்கும் நாள்

நேரத்தைப் பாருங்கள். அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் பசிபிக் நேரத்தில் அறிவிப்பார்கள். அங்கே காலை 8 மணி என்றால் நமக்கு மார்ச் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை இரவு 8.30, மற்ற மாதங்களில் இரவு 9.30. இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தில் விற்பனை முடிந்தே போயிருக்கும்.

ஸ்டோனர் கேட்ஸ் அனிமேஷன் தொடர் 2021 ஜூலையில் இப்படித்தான் விற்றது. 10,000க்கும் மேற்பட்ட என்எஃப்டி, ஒன்று சுமார் 800 டாலர், 35 நிமிடத்தில் தீர்ந்தது. ஒன்று வைத்திருந்தால்தான் தொடரைப் பார்க்கவே முடிந்தது. அன்று எத்தீரியச் சங்கிலி நெரிசலில் திணறி, பரிவர்த்தனை தோற்றுப்போனவர்கள்கூடக் கேஸ் என்ற சங்கிலிக் கட்டணத்தை இழந்தார்கள், பூனையும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் அதே விதிதான். தோற்ற பரிவர்த்தனைக்கும் கேஸ் உண்டு, திருப்பித் தர மாட்டார்கள். எல்லோரும் பாயும் நேரத்தில் நீங்களும் பாய வேண்டியதில்லை. பாலிகான் போன்ற சங்கிலிகளில் கேஸ் மிகக் குறைவு, முதல் பொருளை அங்கே வாங்கிப் பழகுங்கள்.

பொத்தானை அழுத்தியதும் வாலெட்டில் ஒரு சிறு சாளரம் வரும். அதைப் படிக்காமல் ஒப்புதல் கொடுப்பதுதான் இந்த உலகத்தில் நடக்கும் திருட்டுகளுக்குப் பெரிய வாசல். மூன்று வரி பாருங்கள். எந்த ஒப்பந்த முகவரியோடு பேசுகிறீர்கள், எவ்வளவு போகிறது, என்ன அனுமதி கேட்கிறது. 'செட் அப்ரூவல் ஃபார் ஆல்' என்று இருந்தால், அந்தத் தொகுப்பில் உங்களிடம் இருக்கும் எல்லாவற்றையும் அவர்கள் எடுக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று பொருள். விற்பனைக்கு வைக்கும்போது தெரிந்த சந்தை அதைக் கேட்பது வழக்கம்தான், வாங்கும்போது கேட்டால் உடனே மூடுங்கள். கொடுத்த அனுமதிகளை, எத்தீரியப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்திலேயே பார்த்து ரத்து செய்யலாம், மாதம் ஒருமுறை செய்துவிடுங்கள். அதற்கும் கொஞ்சம் கேஸ் ஆகும்.

நீங்கள் கேட்காமலேயே வாலெட்டில் பரிசாக வந்து விழும் என்எஃப்டிகளைத் தொடவே வேண்டாம். பரிசை வாங்க இந்தத் தளத்துக்கு வாருங்கள் என்று அதில் எழுதியிருக்கும். மறைத்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

7. கைக்கு வந்தது எது, வராதது எது

பாத்திரத்தின் பதிப்புரிமை உங்களுக்கு வராது. டிஸ்னி பின் வாங்கினால் மிக்கியை டீசட்டையில் அச்சடித்து விற்க முடியாது. சில தொகுப்புகள் வணிக உரிமம் தருகின்றன, பெரும்பாலான ஸ்டுடியோ தொகுப்புகள் தருவதில்லை. உரிம ஆவணத்தைப் பிடிஎஃப்பாகச் சேமித்து, வாங்கிய தேதியோடு வையுங்கள், பின்னால் மாற்றிவிட்டால் காட்ட ஏதாவது இருக்கும்.

வாக்குறுதிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பாக்ஸ் தொலைக்காட்சியின் கிராபோபோலிஸ் தொடருக்காக 2022இல் கிராப் சிக்கன்ஸ் என்ற கோழி என்எஃப்டிகளை விற்றார்கள். தொடரோ 2023 செப்டம்பரில்தான் ஒளிபரப்பானது. ரசிகராக இருந்தால் இந்தக் காத்திருப்பே சுகம், ஆனால் எப்போது, என்ன சலுகை என்று எழுத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள். ஸ்டோனர் கேட்ஸ் விஷயத்தில் 2023 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பதிவு செய்யாத பத்திரங்களை விற்றதாகக் குற்றம்சாட்டி, 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. நிறுவனமும் தன் கையில் இருந்த என்எஃப்டிகளை அழிக்க ஒப்புக்கொண்டது. விலை ஏறும் என்று ஆசை காட்டி விற்றதுதான் அங்கே முக்கியமான குற்றச்சாட்டு. உங்களிடம் யாராவது அப்படிப் பேசினால் விலகிப் போங்கள்.

8. வரி: வாங்கிய அன்றே தொடங்குங்கள்

இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். அந்த ஆண்டு ஜூன் கடைசியில் வந்த அறிவிக்கை என்எஃப்டிகளையும் இதில் சேர்த்தது. ரூ.5,000க்கு வாங்கி ரூ.8,000க்கு விற்றால் லாபம் ரூ.3,000, வரி ரூ.900, செஸ் ரூ.36, மொத்தம் ரூ.936. உங்கள் மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த லாபத்துக்கு அந்த வரம்பு பொருந்தாது.

கழிக்க முடிவது வாங்கிய விலை மட்டும்தான். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. அதாவது ஒரு பின்னில் ரூ.2,000 லாபம், இன்னொன்றில் ரூ.2,000 நஷ்டம் என்றால் கையில் ஒன்றுமே மிஞ்சாவிட்டாலும் ரூ.624 கட்ட வேண்டும்.

பலருக்குத் தெரியாதது இது. ஈத்தரைக் கொடுத்து என்எஃப்டி வாங்குவதும் ஈத்தரை விற்ற மாதிரிதான். நீங்கள் ஈத்தர் வாங்கிய நாளுக்கும் அதைச் செலவழித்த நாளுக்கும் நடுவில் அதன் விலை ஏறியிருந்தால் அந்த லாபத்துக்கு வரி வந்துவிடும், என்எஃப்டியை விற்கவே இல்லை என்றாலும்கூட. அதனால் நாணயத்தை முன்னாடியே வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள், வேண்டியபோது வேண்டிய அளவு வாங்குங்கள்.

2022 ஜூலை முதல் 1 சதவீத டிடிஎஸ், அதாவது விற்ற தொகையிலிருந்தே முன்கூட்டிப் பிடிக்கும் வரி, இருக்கிறது. இந்திய எக்ஸ்சேஞ்சில் விற்றால் அவர்களே பிடித்துக் கட்டிவிடுவார்கள், வருமான வரித்துறைத் தளத்தில் உங்கள் கணக்கில் தெரியும், கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழித்துக்கொள்ளலாம். நண்பரிடமிருந்து நேரடியாக வாங்கினால், வரம்பைத் தாண்டும் தொகைக்குப் பிடிக்கும் பொறுப்பு வாங்குபவருடையது. வியாபாரம் இல்லாத பெரும்பாலான தனிநபர்களுக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு ரூ.50,000.

ஐடிஆர் 1 படிவம் இதற்குப் போதாது. ஐடிஆர் 2, தொழில் வருமானம் இருந்தால் ஐடிஆர் 3. அதில் இதற்கென்று தனி அட்டவணை உண்டு, வாங்கிய தேதி, விற்ற தேதி, வாங்கிய விலை, விற்ற விலை என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். தளம் மூடிய பிறகு இந்த விவரம் கிடைக்காமலே போகலாம். அதனால் ஒரு எக்ஸெல் தாள் போட்டு, தேதி, பொருள், சங்கிலி, பரிவர்த்தனை எண், அன்றைய ரூபாய் மதிப்பு, கேஸ், ரசீது கோப்பின் பெயர் என்று வாங்கிய அன்றே எழுதிவிடுங்கள். ஐடிஆர் 2 தாக்கலுக்குக் கடைசி நாள் வழக்கமாக ஜூலை 31. தொகை பெரிதாக இருந்தால் ஒரு கணக்காளரிடம் காட்டுங்கள், ஆனால் அவர் கேட்கும் முதல் கேள்வியே இந்தத் தாள் இருக்கிறதா என்பதுதான்.

9. மற்ற ரசிகர்களைச் சேர்க்கும்போது

உங்கள் ரசிகர் கூட்டத்தில் ஒருவருக்கு இதை அறிமுகப்படுத்த நினைத்தால் விலைப் பட்டியலைக் காட்டித் தொடங்காதீர்கள், வருகிறவர்கள் விலைக்காகத்தான் வருவார்கள். விலை இறங்கியதும் கூட்டத்தில் சண்டை வரும், தொடரின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். பாலிகான் போன்ற சங்கிலியில் மலிவான ஒன்றை நீங்களே வாங்கி அவர்களுடைய வாலெட்டுக்கு அனுப்புங்கள். வாலெட் திறந்து, பன்னிரண்டு சொற்களை எழுதி, மீட்டுப் பார்த்து, வந்து சேர்ந்த பொருளைத் திறந்து பார்ப்பது வரை பக்கத்தில் இருங்கள். அனுப்பும் முன் அவர்கள் முகவரியை நகலெடுத்து ஒட்டி, தொலைபேசியில் எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லி உறுதி செய்யுங்கள். தவறான முகவரிக்குப் போனது திரும்பாது.

உறவினர் அல்லாதவருக்குத் தரும் பரிசுகளின் மொத்த மதிப்பு ஓராண்டில் ரூ.50,000ஐத் தாண்டினால் பரிசு பெற்றவருக்கு வரி உண்டு. மலிவான பொருளுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனாலும் அனுப்பிய தேதியையும் மதிப்பையும் இரண்டு பேரும் குறித்து வையுங்கள். அவர் பின்னால் விற்கப்போனால் அடக்க விலை என்ன என்று உங்களிடம்தான் வந்து கேட்பார்.